பவளப்பாறையிலிருந்து மூழ்கிய கப்பல் வரை: ஸ்கூபா டைவிங் முழுமையான வழிகாட்டி

ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரைச் சுமந்து கடலுக்கடியில் நீந்துவது, கற்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "நன்றாக நீந்தத் தெரிய வேண்டுமா?" என்பதுதான். ஓரளவு தெரிய வேண்டும். பெரும்பாலான அடிப்படைப் பயிற்சிகளில் 200 மீட்டர் நீந்தச் சொல்வார்கள், 10 நிமிடம் மிதக்கச் சொல்வார்கள்; வேகம் யாருக்கும் முக்கியமில்லை. ஆனால் தண்ணீருக்கு அடியில் போனதும் திணறுகிறவர்கள் பல நேரம் நல்ல நீச்சல்காரர்கள்தான். கையை வீசாமல் அவர்களால் இருக்க முடியாது. டைவிங்கில் கடினமான காரியம் சும்மா இருப்பது. ஒரு பவளக் கிளைக்கு இரண்டு அடி மேலே, எதையும் தொடாமல், ஏறாமல் இறங்காமல் நிற்கத் தெரிந்துவிட்டால் காற்று நீடிக்கும், மீன் மிரளாது, கப்பலுக்குள் சேறு கிளம்பாது. கீழே வருகிற படிகளில் பாதி அந்தச் சும்மா இருத்தலுக்கான தயாரிப்புதான்.

படி 1: உடம்பும் சான்றிதழும்

பயிற்சியில் சேரும்போது ஒரு மருத்துவக் கேள்வித்தாள் தருவார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, நுரையீரலில் காற்றுக்கசிவு, காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று வரிசையாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று கோடு கிழித்துவிட்டுப் போகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இங்கே அது வேண்டாம். "ஆம்" என்று எழுதினால் மருத்துவரிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பேடி, எஸ்எஸ்ஐ, சிமாஸ் போன்ற டைவிங் பயிற்சி அமைப்புகளின் சான்றிதழ்கள் உலகம் முழுக்கச் செல்லும். பேடியின் அடிப்படையான 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழோடு 18 மீட்டர் வரை போகலாம். அடுத்த நிலையான 'அட்வான்ஸ்டு' 30 மீட்டர் வரை அனுமதிக்கும். பொழுதுபோக்கு டைவிங்குக்கு 40 மீட்டர்தான் எல்லைக்கோடு. பவளப்பாறையைப் பார்க்க முதல் சான்றிதழ் தாராளமாகப் போதும், ஏனென்றால் வெளிச்சமும் நிறமும் மீனும் அதிகம் இருப்பது மேலே உள்ள 15 மீட்டரில்தான். கப்பலுக்கு வரும்போதுதான் இரண்டாவது தேவைப்படும்.

படி 2: அழுத்தக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றி 1 பார் அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு பார் கூடும். 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் நமக்குத் தரும் காற்றும் அதே அழுத்தத்தில் வருவதால், 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் மேலே எடுப்பதைப் போல மூன்று மடங்கு காற்றை விழுங்கும்.

12 லிட்டர் சிலிண்டரை 200 பார் வரை நிரப்பினால் உள்ளே இருப்பது 2,400 லிட்டர் காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிற ஒருவருக்கு 20 மீட்டரில் 60 லிட்டர் செலவாகும். 50 பாரைக் கையிருப்பாகத் தொடாமல் வைத்தால் மீதி 1,800 லிட்டர். அது 30 நிமிடம் வரும். அதே ஆள் 10 மீட்டரில் 45 நிமிடம் இருக்கலாம். ஆழமாகப் போவது பெருமை என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுவது என் வழக்கம்.

இதே கணக்கின் மறுபக்கம்தான் ஆபத்து. 10 மீட்டரில் நுரையீரல் நிறைய மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரு மடங்காக விரியும். நுரையீரலில் அதற்கு இடமில்லை. அதனால்தான் எந்தப் பயிற்றுநரும் முதல் நாளே சொல்லும் விதி: மூச்சை ஒருபோதும் அடக்காதே. 30 மீட்டரிலிருந்து 20க்கு ஏறும்போது காற்று மூன்றில் ஒரு பங்குதான் கூடும்; கடைசி 10 மீட்டரில் இரட்டிப்பாகும். கவனம் அதிகம் வேண்டியது கரை தெரிகிற அந்தக் கடைசிப் பகுதியில்தான்.

அப்புறம் நைட்ரஜன். அழுத்தத்தில் அது ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேரும். மெதுவாக ஏறினால் மூச்சோடு வெளியேறும். அவசரமாக ஏறினால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல, உடம்புக்குள்ளேயே குமிழாகும். பரவலாகப் பயன்படும் ஒரு டைவ் அட்டவணைப்படி 18 மீட்டரில் 56 நிமிடம் வரையும், 30 மீட்டரில் 20 நிமிடம் வரையும்தான், நைட்ரஜன் வெளியேற வழியில் கட்டாயமாக நிற்கும் நிறுத்தம் தேவைப்படாமல் திரும்பலாம். இப்போது மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் இதை நொடிக்கு நொடி கணக்கிடுகிறது. வாங்குவதில் முதலிடம் அதற்குக் கொடுங்கள், கேமராவுக்கு அல்ல.

படி 3: கருவிகளைச் சோதிப்பது

மாஸ்க் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்தபின்னும் விழாமல் ஒட்டியிருந்தால் சரி. புது மாஸ்க் என்றால் கண்ணாடியின் உட்புறத்தைப் பற்பசை தேய்த்துக் கழுவ வேண்டும். தொழிற்சாலைப் பூச்சு போகாதவரை பனிமூட்டம்தான். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் எச்சில் துப்பித் தேய்த்து அலசினால் போதும். இதைவிட நல்ல மருந்து இன்னும் வரவில்லை.

வெப்பமண்டலக் கடலில் 27, 28 டிகிரி இருந்தாலும் தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். உடம்போடு ஒட்டும் ரப்பர் உடையான வெட்சூட் 3 மில்லிமீட்டர் தடிமனில் போதும், ஆனால் வேண்டும். உராய்விலிருந்தும் சொறியிலிருந்தும் அது காக்கும்.

படகில் ஒவ்வொரு டைவுக்கும் முன் உங்களோடு சேர்ந்து இறங்கும் துணைவரும் நீங்களும் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும்: காற்றை ஊதி மிதக்க உதவும் மிதவைச் சட்டை ஊதுகிறதா, வடிகிறதா; கீழே இறங்க உதவும் ஈய எடைகள் இருக்கின்றனவா; கொக்கிகள் மாட்டியிருக்கின்றனவா; காற்று வருகிறதா. இதில் காற்றுச் சோதனையைப் பலர் அரைகுறையாகச் செய்கிறார்கள். ரெகுலேட்டரில் நான்கைந்து முறை ஆழமாக மூச்செடுக்கும்போது கண் அழுத்தமானியின் முள்ளில் இருக்க வேண்டும். முள் 200இல் அசையாமல் நின்றால் நல்லது. ஒவ்வொரு மூச்சுக்கும் விழுந்து விழுந்து எழுந்தால் வால்வு சரியாகத் திறக்கப்படவில்லை. மேலே அப்படியே மூச்சு வரும், 15 மீட்டரில் வராது. ஒருமுறை என் சிலிண்டர் அப்படித்தான் இருந்தது; திறந்து கொடுத்தவர் பாதியில் நிறுத்தியிருந்தார். முள்ளைப் பார்த்ததால் அது படகிலேயே முடிந்துபோன கதை.

படி 4: எடையைச் சரிசெய்யுங்கள்

சும்மா இருப்பதற்கான வாசல் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

புதியவர்கள் எல்லோரும் தேவைக்கு மேல் எடை கட்டுகிறார்கள். கீழே இறங்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம். எடை கூடினால் அதை ஈடுகட்டச் சட்டையில் காற்று ஊத வேண்டும், அந்தக் காற்று ஆழம் மாறும்போதெல்லாம் சுருங்கி விரிந்து உங்களை மேலும் கீழும் இழுக்கும், அதைச் சமாளிக்கக் கையும் காலும் அடிப்பீர்கள், காற்று தீரும். இரண்டு கிலோ ஈயம் செய்கிற வேலை இது.

சரியான எடையைக் கண்டுபிடிக்க, தண்ணீரில் நிமிர்ந்து நின்று, சட்டையின் காற்றை முழுக்க வடித்துவிட்டு, சாதாரணமாக மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். (மேலே மிதக்கும்போது மட்டும் இது பரவாயில்லை.) தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல முங்க வேண்டும். இந்தச் சோதனையைச் சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது செய்வது நல்லது. காற்றுக்கும் எடை உண்டு என்பதை இங்கேதான் உணர்கிறோம்: 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் நிறைந்திருக்கும் காற்று இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். டைவ் முடிவதற்குள் அதில் 2 கிலோ குமிழாகப் போய்விடும். நிறைந்த சிலிண்டரோடு சோதித்தால் அந்த 2 கிலோவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எடை சரியானதும் மூச்சால் மிதக்கப் பழகலாம். மணல் தரைக்கு மேல், 5 அல்லது 6 மீட்டரில், தரையோடு இணையாகப் படுத்த நிலையில் இருங்கள். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள், காலில் மாட்டிய துடுப்பை அசைக்காதீர்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. ஒன்றிரண்டு நொடி கழித்துத்தான் உடம்பு மேலெழும். இந்தத் தாமதம் தெரியாமல் எல்லோரும் இன்னும் இழுத்து, தேவைக்கு மேல் ஏறிவிடுவார்கள். எழத் தொடங்கும் முன்பே மூச்சை விடத் தொடங்க வேண்டும். விடுவதும் அப்படியே. பத்து நிமிடம் இதையே செய்தால் ஒரு கணத்தில் உடம்புக்குப் புரிந்துவிடும், சைக்கிள் பழகுவது போல. அதன் பிறகு மறக்காது.

உதைப்பதிலும் ஒரு பாடம் உண்டு. கால்களை மேலும் கீழும் அடித்தால் நீர் கீழே தள்ளப்பட்டு மணல் கிளம்பும். முழங்காலை மடித்து, தவளைபோல் பக்கவாட்டில் உதைத்து, பிறகு சறுக்கிக்கொண்டு போகப் பழகுங்கள். பாறையில் இது அழகு. கப்பலில் இது கட்டாயம்.

படி 5: இறங்குதல்

காதை முதல் மீட்டரிலிருந்தே சமன் செய்யத் தொடங்குங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூக்குக்குள் ஊதுவது எளிய வழி. வலி வந்தபின் ஊதுவது தாமதம். அப்போது ஒரு மீட்டர் மேலேறி மீண்டும் முயல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறை கிழியும். சளி பிடித்திருந்தால் டைவ் கிடையாது. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்து, ஏறும்போது காற்று அடைபட்டு நிற்கும்.

சைகைகளில் ஒன்று மட்டும் எல்லோரையும் குழப்பும். கட்டை விரலை உயர்த்தினால் "அருமை" என்று பொருள் அல்ல, "மேலே போவோம்" என்று பொருள். எல்லாம் நலம் என்றால் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். மீனைக் கண்ட மகிழ்ச்சியில் கட்டை விரலைக் காட்டி, மொத்தக் குழுவையும் மேலே அனுப்பிவிட்டவர்கள் உண்டு. துணைவர் காணாமல் போனால் ஒரு நிமிடம் சுற்றிலும் தேடுங்கள். கிடைக்காவிட்டால் முறைப்படி மேலேறி அங்கே சந்தியுங்கள்.

படி 6: பவளப்பாறையில்

நீரோட்டம் இருந்தால் முதலில் அதை எதிர்த்துப் போய், களைத்தபின் அதோடு திரும்புங்கள். ஆழமான இடத்தை முதலில் முடித்துவிட்டு, மேட்டை நோக்கி ஏறிக்கொண்டே வாருங்கள்.

10 மீட்டருக்குக் கீழே எல்லாம் நீலமும் சாம்பலுமாகத் தெரிவதைக் கண்டு ஏமாற வேண்டாம். தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்கிவிடும். சின்ன டார்ச் ஒன்றை அடித்துப் பாருங்கள். மங்கலான பழுப்பாக இருந்த பஞ்சுயிரி ரத்தச் சிவப்பாக எழும். எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும் மனதில் வையுங்கள். மேலே வந்து "இவ்வளவு பெரிய களவா மீன்" என்று கையை விரித்துக் காட்டுகிறவர்கள் பொய் சொல்லவில்லை.

ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். குழு முழுவதும் நீந்திக்கொண்டே இருந்தால் பார்ப்பது மீன்களின் வாலைத்தான். நின்றால், ஒளிந்தவை திரும்பி வரும். ஒரு பாறை முனையில் விரல் நீளமுள்ள, நீலக்கோடு போட்ட துப்புரவு மீன்கள் இரண்டு இருக்கும். அவற்றின் முன்னே பெரிய களவா ஒன்று வாயைப் பிளந்து, செவுளை விரித்து, வரிசையில் நிற்பதுபோல் நிற்கும். சின்னது உள்ளே போய் ஒட்டுண்ணியைப் பொறுக்கிவிட்டு வெளியே வரும். கொஞ்சம் தள்ளி 'கரக் கரக்' என்று சத்தம் கேட்டால் அது கிளிமீன் பாறையைக் கடிப்பது. கடித்த சுண்ணாம்பு வெண்மணலாகப் பின்னால் கொட்டும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மட்டும் தெரியாது; தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால் இரண்டு காதுக்கும் ஒன்றாகவே வந்து சேரும்.

பவளம் கல் அல்ல. கடுகளவு முதல் நெல்லிக்காயளவு வரையிலான உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு. அவற்றின் உடலுக்குள் பாசி குடியிருந்து உணவு தருகிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துப்போகும். ஒரு துடுப்பு உதை, பல ஆண்டுகளில் வளர்ந்த கிளையை ஒடித்துவிடும். பவளத்துக்குத் தீங்கு செய்யும் ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீனைத் தவிர்த்துவிட்டு முழுக்கைச் சட்டை போடுங்கள். பசிபிக் தீவு நாடான பலாவ் 2020இலும் ஹவாய் 2021இலும் அப்படிப்பட்ட களிம்புகளைத் தடை செய்துவிட்டன.

தொடாமல் இருப்பது உங்களுக்கும் நல்லது. கல்மீன் கல்லைப் போலவே கிடக்கும். அதன் முள் குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் காயத்தை வைத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். சிங்கமீனுக்கும் இதே வைத்தியம். அஞ்சாலை என்ற பாம்புபோன்ற மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவது கோபமல்ல, மூச்சு. உண்மையில் துரத்திக் கடிப்பது டைட்டன் ட்ரிக்கர்ஃபிஷ் என்ற பெரிய கிளாத்தி. முட்டை காக்கும் காலத்தில் அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கிப் புனல்போல் விரியும். மேலே தப்பினால் இன்னும் அதன் எல்லைக்குள்தான் இருப்பீர்கள். அதைப் பார்த்தபடியே பக்கவாட்டில் விலகுங்கள்.

படி 7: ஏறுதல்

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். கட்டாய நிறுத்தம் இல்லாவிட்டாலும் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். சிலிண்டர் இலேசாகிவிட்டதால் இங்கேதான் எடை குறைவாகக் கட்டியவர்கள் தக்கைபோல் எழும்பிவிடுவார்கள். படகுகள் ஓடும் இடமானால், நிற்கும்போதே ஆரஞ்சு நிற மிதவைக் குழாயை ஊதி மேலே அனுப்புங்கள். தலையை நிமிர்த்தி, ஒரு கையை உயர்த்தி, சுற்றிப் பார்த்தபடி மேலே வாருங்கள்.

படி 8: கப்பல்

இருபது முப்பது பாறை டைவ்களுக்குப் பிறகு போங்கள் என்பது என் யோசனை. எண்ணிக்கை விதி அல்ல. ஆனால் மிதவையைப் பற்றி யோசிக்காமல் மிதக்கும் நிலை அதற்குள் வந்துவிடும்.

முதல் கப்பலாகப் பாலித் தீவின் துலாம்பென் கரையில் கிடக்கும் 'லிபர்ட்டி'யைப் பலரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி அதை டார்பிடோவால் தாக்கியது. இழுத்துச் செல்லும் வழியில் நீர் புகுந்ததால் கரையில் ஏற்றிவிட்டார்கள். இருபது ஆண்டுக்கு மேல் கரையிலேயே கிடந்தது. 1963இல் ஆகூங் எரிமலை வெடித்தபோது அதிர்வில் கடலுக்குள் சரிந்தது. இப்போது சுமார் 5 மீட்டரிலிருந்து 30 மீட்டர் வரை சாய்ந்து கிடக்கிறது. படகு வேண்டாம், கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். ஆனால் கரை முழுக்க உருண்டைக் கற்கள். முதுகில் சிலிண்டரோடு அந்தப் பத்து அடியைக் கடப்பதுதான் டைவின் கடினமான பகுதி. தடித்த அடி வைத்த காலணி போட்டு, அலை ஓய்கிற இடைவெளியில் இறங்குங்கள்.

எல்லாக் கப்பலும் இவ்வளவு சுலபம் இல்லை. செங்கடலில் 1941 அக்டோபரில் ஜெர்மானிய விமானங்கள் மூழ்கடித்த 'திசில்கார்ம்' 30 மீட்டர் மணலில் நிற்கிறது. அறைகளுக்குள் மோட்டார் சைக்கிள்கள் இன்னும் வரிசையாக நிற்கும், வெளியே நீரோட்டம் பலமாக இழுக்கும். ஆஸ்திரேலியாவின் 'யோங்காலா' 1911 மார்ச்சில் புயலில் 122 பேரோடு போன கப்பல். அதற்குள் நுழைய அனுமதியே இல்லை. அது ஒரு கல்லறை. பல போர்க்கப்பல்களும் அப்படித்தான். எங்கும் எதையும் எடுக்காதீர்கள், ஒரு பீங்கான் துண்டைக்கூட.

செய்ய வேண்டிய முறை இது. நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்குங்கள். அதே கயிற்றில் ஏறுங்கள். கயிறு கட்டியிருக்கும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று, அருகில் என்ன இருக்கிறது என்று மனதில் பதியுங்கள், புது ஊரில் பேருந்து நிலையத்தைப் பார்த்து வைப்பதுபோல. நீரோட்டம் வரும் திசைக்குப் போங்கள். 25 மீட்டரில் அழுத்தம் மூன்றரைப் பார், நிமிடத்துக்கு 70 லிட்டர் செலவு; அதனால் 100 பார் காட்டும்போது கயிற்றின் அருகில் இருக்க வேண்டும். ஆக்ஸிஜன் கூட்டிய காற்றான நைட்ராக்ஸில் பயிற்சி இருந்தால் 32 சதவீத ஆக்ஸிஜன் கலவை இங்கே நேரத்தைக் கூட்டித் தரும், ஆனால் அதற்கு ஆழ எல்லை உண்டு: சுமார் 33 மீட்டர். 30 மீட்டரை ஒட்டி நைட்ரஜன் லேசான போதையையும் தரும். அழுத்தமானியைப் பார்த்துவிட்டு எண் நினைவில் நிற்கவில்லையென்றால் சில மீட்டர் மேலேறுங்கள், தெளிந்துவிடும்.

துருப்பிடித்த தகடு கத்தியாக வெட்டும். அறுந்த வலையும் தூண்டில் நரம்பும் கண்ணுக்குத் தெரியாமல் தொங்கும். சிக்கினால் திரும்பிச் சுழலக் கூடாது, இன்னும் சுற்றிக்கொள்ளும். அப்படியே நின்று துணைவருக்குச் சைகை காட்டுங்கள். வெட்டுக்கருவி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

உள்ளே நுழைவதா? கப்பல் டைவிங்குக்கான தனிப் பயிற்சி இல்லாமல் வேண்டாம். தலைக்கு மேல் கூரை வந்துவிட்டால் நேராக மேலே போகும் வழி அடைபடுகிறது. பயிற்சி பெற்றவர்களும் வெளியிலிருந்து கயிறு கட்டிக்கொண்டு, இரண்டு டார்ச்சோடு, காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு என்று பிரித்துத்தான் போவார்கள். சாய்ந்த கப்பலில் கதவு தரையில் இருக்கும், மாடிப்படி சுவரில் இருக்கும். மூளை எது மேல் என்று மறந்துபோகும்.

பயிற்சியின்போது நான் ஒரு சரக்கறையின் வாயிலில் திரும்புகையில் பழக்கதோஷத்தில் ஒரே ஒரு முறை காலை மேலும் கீழும் அடித்தேன். தரையில் படிந்திருந்த மாவு போன்ற சேறு கிளம்பியது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கதவுச் சட்டம் போனது, பிறகு கை போனது, டார்ச் வெளிச்சம் பால் கலந்ததுபோல் வெள்ளையாகத் திரும்பி வந்தது. என் மூச்சுக் குமிழிகள் கூரையில் பட்டு, துருவும் பொடிப்பொடியாகக் கொட்டியது. விரல்களுக்கிடையில் கயிறு இருந்தது. அசையாமல் நான்கு மூச்சு விட்டேன்; பிறகு கயிற்றை உருவிக்கொண்டே மூன்று மீட்டர் வெளியே வந்தேன். மூன்று மீட்டர்தான்!

படி 9: கரைக்கு வந்தபின்

மூட்டு வலி, மரத்துப்போதல், அளவுக்கு மீறிய களைப்பு, தோலில் திட்டுத்திட்டான நிறம், தலைசுற்றல் எது வந்தாலும் "அலைச்சல்தான்" என்று தள்ளாதீர்கள். தூய ஆக்ஸிஜன் கொடுக்கச் சொல்லி, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குத் தொடர்புகொள்ள வேண்டும். மறுபடி தண்ணீருக்குள் இறங்கிச் சரிசெய்ய முயலவே கூடாது.

விமானம் ஏற, ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமாவது, பல டைவ்கள் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரமாவது கழிய வேண்டும். உயரமான மலைப்பாதைப் பயணத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். பயணச்சீட்டு எடுக்கும்போதே கடைசி நாளை டைவ் இல்லாமல் விட்டுவிடுங்கள்.

கருவிகளை நல்ல தண்ணீரில் அலசுங்கள். ரெகுலேட்டரின் முதல் நிலைக்கு, அதாவது சிலிண்டரில் பொருத்தும் பகுதிக்கு, மூடி போட்ட பிறகு. அப்புறம் தலை துவட்டும் முன் நோட்டை எடுத்து எழுதுங்கள்: எத்தனை மில்லிமீட்டர் வெட்சூட், என்ன சிலிண்டர், எத்தனை கிலோ எடை, 5 மீட்டரில் நிற்க முடிந்ததா, மேலே இழுத்ததா. மீன் பெயர்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்து வேறொரு கடலில், வேறொரு படகில், "எடை எவ்வளவு வேண்டும்?" என்று கேட்பார்கள். அப்போது நோட்டைப் புரட்டிச் சரியான எண்ணைச் சொல்லலாம்.